எடைக்குப் போடும் முன் அளந்து பாருங்கள்

(பழைய லேத் இயந்திரத்தைச் சீர்செய்யும் முறை பற்றிய ஒரு சிறு பாடம்)

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



இன்று எங்கு பார்த்தாலும் சி.என்.சி. என்ற மூன்றெழுத்து மந்திரம்தான். அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்து பாருங்கள். சின்ன ஷெட், தகரக் கூரை, உள்ளே ஒரே ஒரு பழைய லேத். பம்ப் ஷாஃப்ட், புஷ், மில் உதிரி பாகம் என்று வந்த வேலையைச் செய்துகொண்டு, அந்த ஒரு லேத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கும்.

அந்த லேத்தில் கடைந்த வேலை ஒருநாள் டேப்பராக வர ஆரம்பித்தால், உடனே நாலு பேர் வந்து சொல்லும் தீர்ப்பு என்ன? "பெட் தேஞ்சு போச்சுங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாது. எடைக்குப் போட்டுடுங்க!"

என் அப்பா பழைய இரும்புக்கடையில் லோடுமேன். எடைக்கு வந்த லேத் பெட்டைச் சம்மட்டியால் உடைத்து லாரியில் ஏற்றுவதும் அவர் வேலையில் ஒரு பகுதி. "ஸ்டீலு வளையும்டா. காஸ்டிங்கு நாலு போடு போட்டா உடைஞ்சிரும்" என்று அவர் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஏன் உடைகிறது என்ற காரணத்தைப் புத்தகத்தில் படித்தது எங்கள் குடும்பத்திலேயே நான்தான் முதல். படித்த பிறகு எனக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. உடைக்க வந்த இயந்திரங்களில் எத்தனை உண்மையிலேயே செத்துப்போனவை? எத்தனை, சரியாக அளந்து பார்க்காததால் வந்தவை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வார்ப்பிரும்பின் குணம்

லேத்தின் பெட், ஹெட்ஸ்டாக், சேடில், டெயில்ஸ்டாக் எல்லாம் பெரும்பாலும் சாம்பல் நிற வார்ப்பிரும்பு. பட்டறையில் 'காஸ்டிங்' என்றாலே போதும். இதில் கார்பன் ஏறக்குறைய 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும்; சிலிக்கானும் உண்டு. அந்தக் கார்பனில் பெரும்பகுதி இரும்போடு கலக்காமல், கிராஃபைட் செதில்களாகத் தனியே நிற்கும். பென்சிலில் இருக்கிறதே, அதே கிராஃபைட்! காஸ்டிங் கடைந்தால் சுருள் வராமல் பொடியாகக் கொட்டுவதும், கை கருத்துப் போவதும் இதனால்தான்.

இந்தச் செதில்களால் ஒரு தீமை, மூன்று நன்மை.

தீமை: இழுவிசை வந்தால் ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டி விரிசல் போல வேலை செய்யும். அதனால்தான் சம்மட்டி அடிக்கு வளையாமல் உடைகிறது.

நன்மை ஒன்று: அமுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசைத் தாங்கும் திறனைப் போல மூன்று, நான்கு மடங்கு வரும். இரண்டு: அதிர்வைத் தானே விழுங்கிவிடும். ஸ்டீல் துண்டைத் தட்டினால் 'டிங்' என்று நீளமாக ஒலிக்கும்; காஸ்டிங்கைத் தட்டினால் 'டொக்' என்று அடங்கிவிடும். மூன்று: ஒன்றன் மேல் ஒன்று சறுக்கும்போது கிராஃபைட் மசகு போல உதவும்.

இன்னொரு விஷயமும் உண்டு. புதிதாக வார்த்த காஸ்டிங்கில் உள் இறுக்கம் இருக்கும். மெலிந்த பகுதி முதலில் ஆறும், தடித்த பகுதி பிறகு ஆறும் அல்லவா? அந்த இறுக்கம் மெல்ல மெல்ல வெளியேறும்போது வடிவம் மாறும். அதனால்தான் அந்தக் காலத்தில் வார்த்த பெட்டை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்து, பிறகு மெஷின் செய்தார்கள். இன்று உலையில் வைத்து இறுக்கம் நீக்குகிறார்கள். பல வருஷம் உழைத்த பழைய பெட் பெரும்பாலும் அடங்கி, நிலைத்துப்போன பெட். அந்த நிலைத்த தன்மைக்கு எடைக்கடையில் விலை கிடையாது.

நம் பட்டறைகளில் காணும் பழைய லேத்துகளில் பல நம் நாட்டிலேயே பிறந்தவை. ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் நிறுவனம் 1941-இலும், பெங்களூரில் எச்.எம்.டி. 1953-இலும் தொடங்கப்பட்டன. பஞ்சாபின் படாலா லேத்துகளும் நம் ஊர் வரை வந்து உழைக்கின்றன.

எங்கே தேய்கிறது?

லேத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. தினசரி வேலையில் பெரும்பாலானவை குட்டை வேலைகள். ஆகவே சேடில் சக்குக்குப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் ஓடும். தேய்மானமும் அங்கேதான் அதிகம். டெயில்ஸ்டாக் முனைக்குப் போகப் போகக் குறையும். ரேக் பொருத்தியிருக்கும் இடம், பெட்டின் அடிப்பக்கம் போன்ற, எதுவும் சறுக்காத மெஷின் செய்த முகங்கள் புதிதுபோலவே இருக்கும். இவைதான் நமக்குச் சாட்சி. தேய்ந்த இடத்தைத் தேயாத இடத்தோடு ஒப்பிட்டுத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல முடியும். கண்ணால் பார்த்து, நகத்தால் தடவிச் சொல்லும் தீர்ப்பு தீர்ப்பே அல்ல.

ஹேண்டிலைச் சுற்றும்போது வரும் 'லூஸ்' வேறு, பெட் தேய்மானம் வேறு. கிராஸ் ஸ்லைடு ஹேண்டில் கால் சுற்று சும்மா சுற்றினால், பெரும்பாலும் கன்மெட்டல் நட்தான் தேய்ந்திருக்கும். புது நட் போட்டால் தீர்ந்தது. அதற்கும் பெட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் வைத்தியம் ரசமட்டம்

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற லேத்தை ஓர் ஆபரேட்டரை வைத்து நடத்தி வந்தார்கள். வேலை டேப்பராக வருகிறது என்று பார்ட்டிகள் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். பார்க்க வந்த வியாபாரி, "பெட் போச்சு" என்று எடை விலை பேசிவிட்டுப் போனார். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். அக்காவும் சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அதே தெருவில் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் உண்டு. அவர், "கண்ணு, ரசமட்டம் வெக்காம எவன் சொன்னாலும் நம்பாதே" என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் நுட்பமான ரசமட்டம் அவரிடம் இருந்தது. சேடிலின் மேல் குறுக்காக வைத்து, சக் பக்கத்திலிருந்து டெயில்ஸ்டாக் முனை வரை நகர்த்திப் பார்த்தோம். போகப் போகக் குமிழ் ஒரே பக்கமாக ஓடியது. தரையில் காரை வெடித்து, டெயில்ஸ்டாக் பக்கத்து முன் மூலை இறங்கியிருந்தது. பெட் முறுக்கிக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு காலர் சோதனை செய்தோம். தடித்த கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர்களை ஒரே டூல் அமைப்பில் மெல்லிய வெட்டாகக் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரில் வெளிமுனைக் காலர் 0.12 மி.மீ. பருமனாக வந்தது. அந்த மூலைக்கு அடியில் ஷிம் தகடு கொடுத்து, போல்ட்டை இறுக்கி, மறுபடி கடைந்தபோது வித்தியாசம் 0.02-க்கு இறங்கியது. பெட்டில் தேய்மானமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் வேலையைக் கெடுத்தது அது அல்ல, தரை! அந்த லேத் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவும் அதே ஷெட்டில்தான் இருக்கிறார்கள்.

நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த முன் மூலை இறங்கி பெட் முறுக்கியிருந்தால் வேலை வெளிமுனையில் பருக்கும். முன் வழி சக் பக்கம் தேய்ந்திருந்தால் வேலை சக் பக்கம் பருக்கும். கம்பி மெலிதாக இருந்து வளைந்தாலும் வெளிமுனை பருக்கும்; அதனால்தான் தடித்த கம்பியும் மெல்லிய வெட்டும்.

ஒரு சின்னக் கணக்கு

பெட் 0.1 மி.மீ. தேய்ந்தால் வேலை எவ்வளவு கெடும்? இது செமஸ்டரில் வராத, ஆனால் வந்திருக்க வேண்டிய கணக்கு.

முதல் நிலை: முன், பின் இரண்டு வழிகளும் சமமாகத் தேய்ந்து, டூல் நேராக 0.1 மி.மீ. கீழே இறங்குகிறது. வேலையின் விட்டம் 50 மி.மீ., ஆரம் 25. ஆரத்தில் வரும் மாற்றம் = இறக்கத்தின் வர்க்கம் ÷ (2 × ஆரம்) = 0.01 ÷ 50 = 0.0002 மி.மீ. அதாவது ஒன்றுமே இல்லை!

இரண்டாம் நிலை: முன் வழி மட்டும் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அப்போது சேடில் முன்பக்கம் சாயும். டூல் முனை பெட்டுக்கு மேல் 200 மி.மீ. உயரத்தில், இரண்டு வழிகளுக்கும் இடையே 300 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். டூல் வேலையை விட்டு விலகும் தூரம் = 0.1 × 200 ÷ 300 = 0.067 மி.மீ. விட்டத்தில் அது இரட்டித்து 0.13 மி.மீ. பேரிங் உட்காரும் ஷாஃப்டுக்கு இது பெரிய தவறு.

ஆக, எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட எந்தப் பக்கம் தேய்ந்தது என்பதே முக்கியம். இதை அறியாமல் கிரைண்டிங்குக்கு அனுப்புவது, காய்ச்சல் பார்க்காமல் ஊசி போடுவது போலத்தான்.

கழற்றுவதும் துரு எடுப்பதும்

1. லேத் தலைகனம் உள்ள இயந்திரம். எடையெல்லாம் ஹெட்ஸ்டாக் பக்கம். நகர்த்தும் முன் டெயில்ஸ்டாக்கையும் சேடிலையும் கடைசி முனைக்குத் தள்ளி இறுக்குங்கள். பைப் உருளையும் கடப்பாரையும் போதும், அவசரம் கூடாது. கயிறு லீட் ஸ்க்ரூவில் படவே கூடாது.

2. கழற்றும் ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டுங்கள். எந்த ஷிம் எந்த இடத்தில் இருந்தது என்று நோட்டில் படம் போடுங்கள். சேஞ்ச் கியர் பெட்டியைத் தொலைக்காதீர்கள். அதில் 127 பல் கியர் இருந்தால் அது பொக்கிஷம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் சரியான மெட்ரிக் மரை போட அந்த ஒரு கியர்தான் பாலம்.

3. எண்ணெயும் பொடியும் சேர்ந்து கல்லாகிப்போன அழுக்குக்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல், பனியன் வேஸ்ட், மரச் சுரண்டி போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள்.

4. ஹேண்டில், பிராக்கெட் போன்ற சிறு பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பு முறை அருமை. வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பிளஸ் முனை வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் தகடு போடவே கூடாது; குரோமிய விஷம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், எனவே திறந்த வெளியில் செய்யுங்கள்; பீடி, சிகரெட், தீப்பொறி ஆகாது. கை விடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

5. பெட்டின் சறுக்கு முகத்தில் எமரித் தாள் போட்டுப் 'பளபள' என்று ஆக்கும் ஆசை வேண்டாம். எமரிப் பொடி காஸ்டிங்கில் பதிந்து, ஓட ஓட சேடிலையும் அரிக்கும். பளபளப்பு வேறு, சமதளம் வேறு.

மூன்று தகடுகளின் கதை

சமதளம் என்றால் என்ன? உலகத்தில் முதல் சமதளத்தை எதை வைத்து அளந்திருப்பார்கள்?

இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே பட்டறையில் வேலை கற்றவர் ஜோசப் விட்வொர்த். 1840-இல் கிளாஸ்கோ கூட்டத்தில், உண்மையான சமதளம் செய்யும் முறையைப் பற்றிக் கட்டுரை படித்தார். முறை எளிது. இரண்டு தகடுகளை மை தடவி ஒன்றோடொன்று பொருத்தினால் போதாது; ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்தாலும் பொருந்திவிடும். மூன்றாவது தகடு வேண்டும். முதலும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலும் என்று மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். மூன்றும் எப்படி மாற்றினாலும் பொருந்தினால், மூன்றுமே சமதளம்தான். வேறு வழியே இல்லை! வேறு எந்தக் கருவியும் இல்லாமல் சமதளத்தைப் பிறக்கவைத்த இந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வேலையைச் செய்யும் கருவிதான் ஸ்கிரேப்பர். தேய்ந்த தட்டை அரத்தின் முனையைத் தீட்டியே பழைய ஃபிட்டர்கள் செய்துகொள்வார்கள். சர்ஃபேஸ் பிளேட் அல்லது ஸ்டிரெய்ட் எட்ஜில் நீல மையை மிக மெல்லிசாகத் தடவி, வேலையின் மேல் தேய்க்க வேண்டும். மை ஒட்டும் இடம் மேடு. அதை மட்டும் மைக்ரான் கணக்கில் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல், ஒவ்வொரு முறையும் திசை மாற்றி. அங்குலச் சதுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி வந்தால் சாதாரண சறுக்கு முகத்துக்குப் போதும். புள்ளிகளுக்கு இடையில் உள்ள சிறு பள்ளங்களில் எண்ணெய் தங்கும்.

வரிசை முக்கியம். முதலில் பெட். பிறகு பெட்டுக்குப் பொருந்தச் சேடில். பிறகு ஹெட்ஸ்டாக், கடைசியில் டெயில்ஸ்டாக். டெயில்ஸ்டாக் மையம் நூறில் இரண்டு மி.மீ. உயரமாக இருக்கலாம், தாழ்வாக இருக்கக் கூடாது; நாளாக ஆகத் தேய்ந்து இறங்குவது அதன் இயல்பு.

கையால் சுரண்டித் தீராத தேய்மானம் என்றால் பெட்டைக் கிரைண்டிங் செய்ய வேண்டும். அப்போது சேடில் கீழே இறங்கும்; லீட் ஸ்க்ரூ, ரேக் எல்லாம் மையம் தவறும். சேடிலின் அடியில் டர்சைட் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, பழைய உயரத்துக்குத் தூக்கிச் சுரண்டிப் பொருத்துவதே இன்றைய முறை.

விரிசல் விட்டால்

காஸ்டிங்கில் அவசரப்பட்டு வெல்டிங் ராடை வைக்காதீர்கள். உருகிய இடம் சட்டென்று ஆறினால் கிராஃபைட் பிரிய நேரம் கிடைக்காது. வெள்ளை வார்ப்பிரும்பு ஆகிவிடும். கண்ணாடி போல் கடினம். பக்கத்திலேயே புது விரிசல் விடும்.

முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். கால், மூடி, பிராக்கெட் போன்றவற்றுக்குப் பித்தளை பிரேசிங் நல்லது. வெல்டிங்தான் என்றால் நிக்கல் ராடு, முன்சூடு, ஓர் அங்குல நீளத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாமை, சூட்டிலேயே லேசாகத் தட்டுதல், பிறகு சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுதல். சூடே ஆகாத பெரிய பாகங்களுக்கு, துளை போட்டு உலோகத் தையல் போடும் குளிர்முறை உண்டு. சறுக்கு முகத்தின் பக்கத்தில் சூடு காட்டினால் பெட் கோணிவிடும், ஜாக்கிரதை.

எப்போது கைவிடலாம்?

பழசு எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. சறுக்கு வழியின் குறுக்கே பெட் உடைந்திருந்தால், ஹெட்ஸ்டாக் கியர்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தால், கிரைண்டிங், போக்குவரத்து, கியர் வெட்டும் கூலி, வேலை நிற்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்து நல்ல செகண்ட்ஹேண்ட் லேத் விலையைத் தொட்டால், விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பழைய லேத்தை ஓட்டுவதானால் பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி, புது வயரிங், சரியான எர்த் இவை கட்டாயம். பழசு என்பதால் விரலுக்கு ஆபத்து குறையாது.

ஆனால் அந்த முடிவை நோட்டில் எழுதிய எண்கள் சொல்ல வேண்டும். எடை போட வந்தவர் வாய் சொல்லக் கூடாது. அளந்த பிறகு எடைக்குப் போட்டால் அது முடிவு. அளக்காமல் போட்டால் அது நஷ்டம். யாரோ ஒரு அக்காவின் அடுப்பு நஷ்டம்.

நண்பர்களே! கடைசி ஆண்டில் நாம் எல்லோரும் திட்டப்பணி செய்கிறோம். காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிவந்து வைப்பவர்களும் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததே. அதற்குப் பதிலாக ஐந்து பேர் சேர்ந்து, பக்கத்துப் பட்டறையில் நோயாளியாகக் கிடக்கும் ஒரு லேத்தை எடுத்துக்கொள்ளலாமே! ரசமட்டம், டயல் கேஜ், மைக்ரோமீட்டர் நம் கல்லூரியில் இருக்கின்றன. ஸ்கிரேப்பர் பிடிக்கத் தெரிந்த கைகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகளுக்கு வயதாகிறது. அவர்கள் ஏன் என்று எழுதிவைக்கவில்லை. நாம் எப்படி என்று பழகிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே பட்டறையில் சந்தித்தால் இரண்டும் பிழைக்கும். பேனாவை ஒரு கையிலும் ஸ்கிரேப்பரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்!